கூட்டு நிறுவனத்தில் உண்மையில் யார் கற்கிறார்கள்?

கேள்வி இதுதான்: வெளிநாட்டு நிறுவனத்தோடு சேர்ந்து ஒரு கூட்டு நிறுவனம் தொடங்கினால் அவர்களுடைய தொழில்நுட்பமும் அனுபவமும் நமக்கு வந்துவிடும் என்கிறார்களே, நடைமுறையில் அது எப்படி வருகிறது, சிலருக்கு வந்து சிலருக்கு ஏன் வராமல் போகிறது?

சுருக்கமாகச் சொன்னால், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டதும் கிடைப்பது உள்ளே போய்ப் பார்க்கும் அனுமதி மட்டும்தான். அங்கே பார்த்ததை யாராவது எடுத்துக்கொண்டு வந்து, அதை இறக்கி வைக்கத் தாய் நிறுவனத்தில் ஏற்கெனவே ஓர் இடமும் ஆட்களும் தயாராக இருந்தால்தான் அது அறிவாக மாறும். 'தொழில்நுட்பப் பரிமாற்றம்' என்று பெரிய எழுத்தில் வரும் செய்திகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு முதலில் தோன்றுவது, போகிற ஆட்கள் யார், திரும்பி வந்தபின் அவர்களுக்கு என்ன வேலை கொடுக்கப் போகிறார்கள் என்பதுதான். அந்த இரண்டுக்கும் பெரும்பாலும் செய்தியில் பதில் இருக்காது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இரண்டு தாய் நிறுவனங்கள் பணம் போட்டு மூன்றாவதாக ஒன்றைத் தொடங்குகின்றன. அதுதான் ஜாயின்ட் வென்ச்சர். கற்பது இந்த மூன்றில் எந்த இடத்தில் வேண்டுமானாலும் நடக்கலாம். கூட்டு நிறுவனம் பிரமாதமாகக் கற்றுக்கொண்டு, லாபமும் சம்பாதித்து, விருதும் வாங்கியிருக்கும். ஆனால் அதில் பாதிப் பங்கு வைத்திருக்கும் தாய் நிறுவனத்துக்கு ஒன்றுமே தெரிந்திருக்காது. டிவிடெண்ட் மட்டும் ஒழுங்காக வந்துகொண்டிருக்கும். இப்படிப்பட்ட நிலைமை விதிவிலக்கு என்று நினைக்க வேண்டாம், நிறைய இடங்களில் இதுதான் நிலைமை.

அறிவிலும் இரண்டு வகை உண்டு. டிராயிங், ஃபார்முலா, மெஷின் பட்டியல், பயிற்சிக் கையேடு இவையெல்லாம் கடிதத்தில் அனுப்பிவிடலாம். லைசென்ஸ் வாங்கினாலே போதும், கூட்டு நிறுவனம் என்ற அவ்வளவு பெரிய ஏற்பாடு தேவையில்லை. இன்னொரு வகை, செய்கிறவர்களின் கையிலும் பழக்கத்திலும் இருப்பது. ஓர் உதிரிபாகத்தின் டிராயிங்கில் அளவும் இருக்கும், எவ்வளவு கூடக் குறைய இருக்கலாம் என்பதும் இருக்கும். ஏன் அந்த அளவு, அதற்கு முன் எத்தனை வடிவங்கள் உடைந்து போயின, எந்தச் சப்ளையர் சொன்னதால் அந்த வளைவை மாற்றினார்கள் என்பதெல்லாம் அதில் இருக்காது. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சும்மா சொல்லவில்லை. இந்த இரண்டாவது வகை அறிவு பக்கத்தில் நின்று, சேர்ந்து வேலை செய்து, தப்புப் பண்ணித் திட்டு வாங்கினால்தான் வரும், அதனால்தான் கூட்டு நிறுவனம் என்ற சிக்கலான ஏற்பாட்டுக்கே அர்த்தம் இருக்கிறது.

இதற்கு மிக நல்ல உதாரணம் கலிஃபோர்னியாவின் ஃப்ரீமாண்டில் ஜெனரல் மோட்டார்ஸும் (ஜிஎம்) டொயோட்டாவும் சேர்ந்து நடத்திய நம்மி (NUMMI) என்ற கார் தொழிற்சாலை. ஜிஎம் அங்கே வைத்திருந்த தொழிற்சாலை 1982-இல் மூடப்பட்டது. தரம் மோசம், ஐந்தில் ஒருவர் வேலைக்கே வராத நாட்கள் சகஜம், நிர்வாகமும் தொழிற்சங்கமும் எந்நேரமும் மல்லுக்கு நிற்கும் இடம். 1984-இல் அதே கட்டடத்தில், பெரும்பாலும் அதே பழைய தொழிலாளர்களை வைத்து, அதே சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டு டொயோட்டா முறையில் உற்பத்தி தொடங்கியது. தொழிலாளர்களைக் குழு குழுவாக ஜப்பானுக்கு, டொயோட்டாவின் தகாயோகா தொழிற்சாலைக்கு அனுப்பி, அங்கே உள்ள உற்பத்தி லைனில் அவர்களோடு சேர்ந்து வேலை செய்ய வைத்தார்கள். கொஞ்ச காலத்திலேயே ஃப்ரீமாண்டில் வந்த கார்களின் தரம் ஜிஎம்மின் மற்றத் தொழிற்சாலைகளை ஓரம் கட்டியது.

அங்கே பேசப்பட்ட விஷயம் ஜப்பானியர்கள் 'ஆன்டான்' (andon) என்று சொல்லும் கயிறு. லைன் ஓரமாக ஓடும் ஒரு கயிறு, கோளாறு கண்டால் எந்தத் தொழிலாளியும் இழுக்கலாம். இழுத்ததும் லைன் உடனே நிற்காது. விளக்கு எரியும், குழுத் தலைவர் ஓடி வருவார், அந்தக் கார் அந்த நிலையத்தின் எல்லைக்கோட்டைத் தாண்டுவதற்குள் சரிசெய்துவிட்டால் திரும்ப ஒருமுறை இழுத்துவிட்டு வேலை தொடரும், முடியாவிட்டால்தான் லைன் நிற்கும். கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் இது வேலை செய்ய வேண்டுமென்றால் ஒரு தலைவருக்குக் கீழே சில பேர்தான் இருக்க வேண்டும், அவர் வேறு வேலையில் மாட்டிக்கொள்ளாமல் ஓடி வரும் தூரத்தில் இருக்க வேண்டும், கயிற்றை இழுத்தவனை "ஏன்டா நிறுத்தினாய்" என்று யாரும் கேட்கக்கூடாது, அன்றைய எண்ணிக்கை குறைந்ததற்காக மேலாளரின் போனஸ் வெட்டப்படக்கூடாது. கயிறு கண்ணுக்குத் தெரிகிறது, மற்ற எதுவும் தெரியாது. ஜிஎம் தன்னுடைய வேறு தொழிற்சாலைகளிலும் கயிற்றை மாட்டியது. மாட்டிய இடங்களில் இழுக்கத்தான் ஆளில்லை, இழுத்தால் மேலாளர் பிடித்துக்கொள்வார் என்ற பயம். நம்மியின் ஒவ்வொரு அங்குலத்தையும் படம் எடுத்து வந்து அப்படியே நம் தொழிற்சாலையில் வை என்று ஜிஎம் மேலாளர் ஒருவர் உத்தரவு போட்டார் என்பதை அங்கே வேலை பார்த்தவர்களே பின்னாளில் சொல்லியிருக்கிறார்கள். மாநிலத்தின் தெற்கில் இருந்த வான் நைஸ் தொழிற்சாலையில் இந்த முறையைக் கொண்டுவர எடுத்த முயற்சி தோற்றது. 1992-இல் அதையும் மூடிவிட்டார்கள்.

ஜிஎம் நம்மிக்கு அனுப்பிய மேலாளர்கள் தொடக்கத்தில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். அவர்கள் நன்றாகவே கற்றார்கள். திரும்பி வந்தபோது ஆளுக்கு ஒரு மூலையாக, வெவ்வேறு பிரிவுகளுக்குப் போட்டார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் பழைய முறையில் ஓடும் தொழிற்சாலைக்குள் புதிய முறை தெரிந்த ஒருவரை விட்டால் என்ன ஆகும்? ஆறு மாதத்தில் அவரும் பழைய முறைக்கு வந்துவிடுவார், இல்லாவிட்டால் வேலையை விட்டுவிடுவார். ஜிஎம் உண்மையாகவே கற்றதைக் காட்டிய இடம் ஜெர்மனியில் ஐசனாக். 1992-இல் அங்கே ஜிஎம்முக்குச் சொந்தமாக இருந்த ஓப்பல் புதிதாகக் கட்டிய தொழிற்சாலைக்கு நம்மியிலும், சுசுகியோடு கனடாவில் வைத்திருந்த கூட்டு நிறுவனத்திலும் பழகியவர்களைக் கூட்டமாகக் கொண்டுபோய் இறக்கினார்கள். புதிய இடம், மறக்க வேண்டிய பழைய பழக்கம் இல்லை, தெரிந்தவர்கள் பல பேர் ஒன்றாக இருந்தார்கள், அதனால் பிடித்துக்கொண்டது.

இதே காலத்தில் டொயோட்டா என்ன கற்றது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அவர்களுக்கு வேண்டியிருந்தது அமெரிக்கத் தொழிலாளியோடு, அமெரிக்கச் சங்கத்தோடு, அமெரிக்கச் சப்ளையர்களோடு தங்கள் முறை ஓடுமா என்ற ஒரே கேள்விக்குப் பதில். பதில் ஓரிரு வருடத்தில் கிடைத்துவிட்டது. 1988-இல் கென்டக்கியின் ஜார்ஜ்டவுனில் முழுக்கத் தங்கள் சொந்தத் தொழிற்சாலையில் கார் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஜிஎம்முக்கு 'சிறிய காரை லாபத்தோடு செய்வது எப்படி' என்ற பரந்த ஆசை இருந்தது. டொயோட்டாவுக்கு ஒரு சின்னக் கேள்வியும் அதற்குப் பதில் வந்ததும் செயல்படக் காத்திருந்த குழுவும் இருந்தன. சின்னக் கேள்வியோடு வருகிறவர்தான் சீக்கிரம் கற்கிறார் என்பது என் கணிப்பு.

2009-இல் திவால் நடவடிக்கையின்போது ஜிஎம் விலகிக்கொண்டது, 2010 ஏப்ரலில் நம்மி மூடப்பட்டது, அதே வருடம் அந்தக் கட்டடத்தை டெஸ்லா வாங்கியது.

சரி, இந்தியப் பக்கம் வந்தால், இருசக்கர வாகனத்தில் ஏறக்குறைய ஒரே காலத்தில் நடந்த இரண்டு கதைகளை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ஹீரோ ஹோண்டா 1984-இல் தொடங்கியது, 1985-இல் சிடி 100 வந்தது. டிவிஎஸ் குழுமம் சுசுகியோடு சேர்ந்தது 1980-களின் தொடக்கத்தில். ஹீரோ ஹோண்டா விற்பனையில் எங்கேயோ போய்விட்டது, 2001-இல் எண்ணிக்கையில் உலகின் மிகப்பெரிய இருசக்கர வாகன நிறுவனம் ஆனது. ஆனால் புதிய இன்ஜின், புதிய மாடல் எல்லாம் ஹோண்டாவிடமிருந்து வந்தன. வந்துகொண்டே இருந்ததால் சொந்தமாக இன்ஜின் வடிவமைக்க வேண்டிய அவசரம் யாருக்கும் வரவில்லை. ஹீரோ கற்றதெல்லாம் அதிக எண்ணிக்கையில் குறைந்த செலவில் தயாரிப்பது, சப்ளையர்களைக் கட்டி மேய்ப்பது, மூலைமுடுக்கெல்லாம் டீலர் வைப்பது ஆகியவை. அதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. ஹோண்டா இன்னொரு பக்கம் இந்தியச் சந்தையைக் கற்றது. 1999-இல் முழுக்கத் தனக்கே சொந்தமான ஒரு நிறுவனத்தை இங்கே தொடங்கிவிட்டது. அந்த நாளிலேயே கூட்டின் ஆயுள் எண்ணப்பட ஆரம்பித்துவிட்டது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது, பிரிவு அறிவிக்கப்பட்டது 2010 டிசம்பரில்தான் என்றாலும். பிரிந்தபின்னும் 2014 வரை ஹோண்டாவின் தொழில்நுட்பத்தைப் பயன்படுத்த ஹீரோவுக்கு உரிமை இருந்தது; அந்த இடைவெளியில் வெளிநாட்டு வடிவமைப்பு நிறுவனங்களோடு கூட்டு, ஆட்கள் சேர்ப்பு என்று அவசர அவசரமாக ஓட வேண்டியிருந்தது. ஜெய்ப்பூரில் பெரிய ஆராய்ச்சி மையம் திறந்தது 2016-இல்.

டிவிஎஸ் விற்பனையில் அவ்வளவு பெரிதாக இல்லை. ஆனால் மொபெட்டில் தொடங்கி அவர்களுக்குச் சொந்தமாக வடிவமைக்கும் பழக்கம் இருந்தது, சுசுகி கூடவே இருந்த காலத்திலும் அதை மூடிவிடவில்லை. 2001-இல் சுசுகி விலகியது. அதே வருடம் டிவிஎஸ் தானே உருவாக்கிய விக்டர் மோட்டார்சைக்கிளை இறக்கியது, மறு வருடம் தரத்துக்கான டெமிங் பரிசும் வாங்கியது. பார்ட்னர் போன வருடமே சொந்த வண்டி தெருவில் ஓடுகிறதென்றால் பல வருடங்களுக்கு முன்பிருந்தே உள்ளே வேலை நடந்திருக்க வேண்டும்.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. கூட்டு எவ்வளவு வெற்றியோ அவ்வளவுக்குக் கற்கும் உந்துதல் குறைகிறது. நன்றாக ஓடும் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு, பத்து வருடம் கழித்துத் தேவைப்படலாம் என்று ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டால் எந்த நிதி அதிகாரி கொடுப்பார்? ஆனால் ஆராய்ச்சியாளர்கள் உள்வாங்கும் திறன் என்று சொல்வது அந்தப் பணத்தில்தான் வளர்கிறது: ஒரு துறையில் ஏற்கெனவே கொஞ்சம் தெரிந்தவருக்குத்தான் அந்தத் துறையில் புதிதாக வருவது புரியும், மதிப்பும் தெரியும். இன்ஜின் வடிவமைத்தே பார்க்காதவருக்கு இன்னொருவரின் இன்ஜின் டிராயிங்கில் எதைக் கேட்க வேண்டும் என்பதே தெரியாது. கற்பதற்காகக் கூட்டு வைக்கிறோம் என்றால், கூட்டாளி செய்கிற அதே வேலையை நாமும் சின்ன அளவிலாவது தனியாகச் செய்துகொண்டிருக்க வேண்டும். இரட்டைச் செலவுதான், வேறு வழி இருப்பதாகத் தெரியவில்லை.

பிள்ளையிடமிருந்து பெற்றோர் கற்ற கதையும் உண்டு. ஃபுஜி ஜெராக்ஸ் 1962-இல் தொடங்கியது. அமெரிக்க ஜெராக்ஸின் பிரிட்டிஷ் கூட்டு நிறுவனமான ராங்க் ஜெராக்ஸும் ஃபுஜி ஃபோட்டோ ஃபிலிமும் ஆளுக்குப் பாதி. அமெரிக்கர்களின் மெஷினை ஜப்பானில் விற்பதுதான் திட்டம். 1970-களில் கேனன், ரிக்கோ போன்றவை சின்ன, மலிவான காப்பியர்களோடு வந்தபோது ஜப்பானில் முதல் அடி வாங்கியது ஃபுஜி ஜெராக்ஸ். அடி வாங்கியதால் விழித்துக்கொண்டு, தரத்தை மையமாக வைத்து நிறுவனத்தையே திருப்பிப் போட்டது, 1980-இல் டெமிங் பரிசு வாங்கியது. அதே போட்டியாளர்கள் அமெரிக்காவுக்குள் நுழைந்து, ஜெராக்ஸுக்குத் தயாரிப்புச் செலவே எவ்வளவு ஆகிறதோ அந்த விலைக்கு மெஷினை விற்க ஆரம்பித்தபோது, பதில் வீட்டுக்குள்ளேயே இருந்தது. தலைமையகத்தின் ஆட்கள் ஜப்பானுக்கு வரிசையாகப் போய்ப் பார்த்தார்கள், 1983 வாக்கில் ஜெராக்ஸ் முழுக்கத் தர இயக்கம் ஆரம்பித்தது, 1989-இல் தரத்துக்கான அமெரிக்காவின் பால்ட்ரிஜ் விருது கிடைத்தது.

ஜிஎம்மால் முடியாதது ஜெராக்ஸால் எப்படி முடிந்தது என்று கேட்டால், என் பார்வையில் முதல் காரணம் பயம். சந்தைப் பங்கு கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது, கற்பது உயிர் பிழைக்கும் விஷயமாகிவிட்டது. இன்னொன்று, ஃபுஜி ஜெராக்ஸ் அவர்கள் கண்ணுக்குப் போட்டியாளராகத் தெரியவில்லை, சொந்த வீட்டுப் பிள்ளையாகத் தெரிந்தது. 'நாங்கள் கண்டுபிடிக்காதது எங்களுக்கு வேண்டாம்' என்ற வீறாப்பு அதனால் கொஞ்சம் அடங்கியது. இருந்தாலும் பணிவு வர ஏறக்குறைய பத்து வருடம் ஆயிற்று என்பதையும் சொல்ல வேண்டும்.

எல்லாக் கூட்டும் கற்பதற்காகத்தான் என்றும் நினைக்கக்கூடாது. விமான இன்ஜின் செய்யும் சிஎஃப்எம் இன்டர்நேஷனலை எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கும் (ஜிஇ) பிரான்சின் ஸ்னெக்மாவும் 1974-இல் சரிபாதியாகத் தொடங்கியது. போயிங் 737, ஏர்பஸ் ஏ320 விமானங்களில் பறந்தவர்கள் அவர்களுடைய சிஎஃப்எம்56 இன்ஜினின் சத்தத்தைக் கேட்டிருக்க வாய்ப்பு அதிகம். அந்த இன்ஜினின் மையப் பகுதி பி-1 குண்டுவீச்சு விமானத்துக்காக ஜிஇ உருவாக்கியதிலிருந்து வந்தது. அதைப் பிரெஞ்சுக்காரர்களுக்குத் திறந்து காட்ட அமெரிக்க அரசு முதலில் மறுத்துவிட்டது. 1973-இல் ரெய்க்யவிக்கில் அதிபர்கள் நிக்சனும் பொம்பிடுவும் சந்தித்து இதைப் பேசும் அளவுக்கு விஷயம் போனது. கடைசியில் மையப் பகுதியை அமெரிக்காவில் செய்து மூடியபடியே பிரான்சுக்கு அனுப்புவது என்று முடிவாயிற்று. முன்பக்க விசிறியும் பின்பக்கத் தாழழுத்தப் பகுதியும் ஸ்னெக்மா பொறுப்பு. கூட்டாளியின் பெட்டியைத் திறக்கவே கூடாது என்ற நிபந்தனையோடு தொடங்கிய கூட்டு 50 வருடத்தைத் தாண்டிவிட்டது. வேலையை இப்படிக் கூறுபோட்டுக்கொண்டால், யார் முதலில் கற்று முடிப்பது என்ற ஓட்டப்பந்தயம் கிடையாது. கற்பதற்கான வாசலைத் திறந்து வைத்த கூட்டுகளில், ஒருவர் கற்று முடித்ததும் மற்றவருக்கு அவசியம் இல்லாமல் போய்விடுகிறது, அதனால் அவை சீக்கிரம் முடிகின்றன. முடிந்ததையெல்லாம் தோல்விக் கணக்கில் எழுதுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்புறம் சீனா. 'சந்தையைக் கொடுத்துத் தொழில்நுட்பத்தை வாங்குவது' என்பதைக் கொள்கையாகவே அறிவித்த நாடு. 1984-இல் ஷாங்காயில் ஃபோக்ஸ்வாகனோடு ஒப்பந்தம், பிறகு மற்றவர்கள், வெளிநாட்டவர் பாதிக்கு மேல் பங்கு வைக்க முடியாது என்ற விதி. கொள்கை போட்டவர்கள் எதிர்பார்த்தது, கூட்டில் இருந்த பெரிய அரசு நிறுவனங்கள் கற்றுக்கொண்டு சொந்தக் கார் செய்யும் என்று. நடந்தது வேறு. அரசு நிறுவனங்கள் கூட்டாளியின் காரை விற்றுக் கிடைத்த லாபத்தில் சுகமாக இருந்துவிட்டன, மேலே சொன்ன ஹீரோ கதைதான். அறிவு பக்கவாட்டில் கசிந்தது. ஷாங்காயில் ஃபோக்ஸ்வாகனின் சான்டனா காருக்கு ஆரம்பத்தில் உள்ளூரில் வாங்க முடிந்தவை டயர், ரேடியோ, ஆன்டெனா போன்ற மிகச் சில பாகங்களே. உள்ளூர்ப் பாகங்களைக் கூட்டியே ஆக வேண்டும் என்று நகர நிர்வாகம் நெருக்க, ஜெர்மன் தரத்துக்குப் பாகம் செய்யும் சப்ளையர்கள் நூற்றுக்கணக்கில் உருவானார்கள். அந்தச் சப்ளையர்கள் யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம் அல்லவா? ஃபோக்ஸ்வாகனின் கூட்டு நிறுவனங்களில் பழகிய பொறியாளர்களும் வெளியே வந்தார்கள். செரி என்ற சீனக் கார் நிறுவனத்தை வளர்த்த யின் தோங்யூ அப்படி வந்தவர்தான். ஜீலி, பிஒய்டி போன்ற சீனக் கார் நிறுவனங்களும் இந்தச் சூழலில் முளைத்தன. கூட்டு ஒப்பந்தத்தில் பெயரே இல்லாதவர்களுக்குத்தான் அதிகம் கிடைத்தது.

இப்போது காற்று எதிர்ப்பக்கமாக வீசுகிறது. பங்கு உச்சவரம்பு மின்சாரக் கார்களுக்கு 2018-இலும் மற்றப் பயணிகள் கார்களுக்கு 2022-இலும் போய்விட்டது. 2023-இல் ஃபோக்ஸ்வாகன் எக்ஸ்பெங் என்ற சீன மின்சாரக் கார் நிறுவனத்தில் சுமார் 70 கோடி டாலர் போட்டது, ஐரோப்பியக் கார் குழுமமான ஸ்டெல்லாண்டிஸ் லீப்மோட்டார் என்ற இன்னொரு சீன நிறுவனத்தில் 150 கோடி யூரோ போட்டு, சீனாவுக்கு வெளியே விற்க 51:49 பங்கில் ஒரு கூட்டு நிறுவனமும் தொடங்கியது. இந்த முறை மாணவர் இருக்கையில் ஐரோப்பியர். மென்பொருளையும் மின்னணு அமைப்பையும் வாங்கி மாட்டிக்கொள்வதோடு நிற்பார்களா, சீன நிறுவனங்கள் ஒரு மாடலை அவ்வளவு குறைந்த காலத்தில் எப்படி முடிக்கின்றன என்பதையும் எடுத்துக்கொண்டு போவார்களா என்பதுதான் பார்க்க வேண்டிய இடம். கால அளவு குறைவதற்குக் காரணம் முடிவு எடுக்கும் விதம். அதைப் பணம் போட்டு வாங்க முடியாது.

இப்படி ஒரு கூட்டில் நேரடியாக இறங்கப் போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். அனுப்பும் ஆட்கள்தான் பாதி வேலை. மற்ற இடத்தில் வேண்டாம் என்று ஒதுக்கப்பட்டவரையும் ஓய்வுக்குப் பக்கத்தில் இருப்பவரையும் அனுப்பும் வழக்கம் எங்கும் இருக்கிறது, கூட்டாளிக்கு அது முதல் நாளே தெரிந்துவிடும். திறமையானவர்களை அனுப்புங்கள், ஒருவரை அல்ல, ஒரே துறையில் நான்கைந்து பேரை. போகும்போதே திரும்பி வந்து எந்தப் பதவியில் உட்காரப் போகிறார்கள் என்பதையும் எழுத்தில் கொடுத்துவிடுங்கள். கூட்டாளியின் மொழி தெரிந்தவர் ஒருவராவது இருக்கட்டும். மீட்டிங்கில் சொல்லாததெல்லாம் மதியச் சாப்பாட்டின்போது வெளிவரும், அதற்கு மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிப் போக முடியாது. எதை ஒளிக்க வேண்டும் என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள், ஏனென்றால் நம் ஆள் அங்கே கேட்கும் கேள்விகளிலிருந்தே நமக்கு எது தெரியாது என்பதை அவர்கள் கற்றுக்கொள்வார்கள்.

போட்டியாளரோடு கூட்டு என்றால் சட்டமும் குறுக்கே வரும். நம்மிக்கே அமெரிக்க வர்த்தக ஆணையம் 12 வருட வரம்பு போட்டுத்தான் முதலில் அனுமதி கொடுத்தது, எந்தத் தகவலைப் பகிரலாம் என்பதற்கும் கட்டுப்பாடு வைத்தது. விலை, விற்பனைத் திட்டம் போன்றவை கூட்டு நிறுவனத்தின் வழியாக ஒருவருக்கொருவர் தெரியாமல் இருக்கத் தடுப்பு வைக்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் நான் முதலில் புரட்டிப் பார்ப்பது கடைசிப் பக்கங்களைத்தான். ஆளுக்கு ஆள் கொண்டுவந்த காப்புரிமைகள் யாருடையவை என்பது எப்படியும் தெளிவாக எழுதப்பட்டிருக்கும். கூட்டு நடக்கும்போது அவற்றின் மேல் செய்யும் மேம்பாடு யாருடையது, பிரிந்தபின் அதை வைத்து மூன்றாவது நாட்டில் விற்கலாமா, அங்கே உருவான பொறியாளர்களை யார் வேலைக்கு எடுக்கலாம், பழைய மாடல்களுக்கு எத்தனை வருடம் லைசென்ஸ் தொடரும், இவை மங்கலாக இருந்தால் கையெழுத்துக்கு முன்னால் வக்கீலோடு இன்னொரு முறை உட்காருங்கள். அந்த லைசென்ஸ் தொடரும் வருடங்களின் எண்ணிக்கையை, சொந்தமாக ஒரு பொருளை உருவாக்கி முடிக்க உங்களுக்கு எத்தனை வருடம் ஆகும் என்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முன்னது குறைவாக இருந்தால், ஆராய்ச்சிப் பிரிவுக்கு ஆள் எடுக்கும் வேலையைக் கூட்டு தொடங்கும் அன்றே ஆரம்பிக்க வேண்டியிருக்கும்.